இரண்டு மணி நாடகம்

எங்கள் ஒழுங்கையில் எனக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட்டதில்லை என்று ஊரில் பேச்சு. ஊர்க்கதை தேடுகிற விடுப்புக்காரி என்று முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். நான் கோபிப்பதில்லை. வாவிக்கரையில் மொத்தம் ஒன்பது வீடுகள். எந்தக் குசினியில் இன்று என்ன கறி, எந்த வாசல் கடப்பில் யாருடைய சைக்கிள் எவ்வளவு நேரம் நின்றது என்பதையெல்லாம் ஒருத்தி அறிந்து வைத்திருக்கத்தானே வேண்டும். அந்த வேலையை முப்பது வருடமாக நான் செய்கிறேன்.

அப்படிப்பட்ட என் காதில், பக்கத்து வளவில் ஏழு மாதமாக விழுந்த அடி அடியாக விழவில்லை. சத்தம் கேட்டது. நாடகம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வெட்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பக்கத்து வளவு சின்னத்தங்கத்தினுடையது. எனக்கு மச்சாள் முறை. மகள் கம்சாயினிக்குக் கல்யாணம் முடிந்தபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டை மகள் பேரில் உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் தகரம் போட்ட ஓர் அறைக்கு அவள் குடிபோனாள். சித்தாண்டியிலிருந்து யதுர்ஷன் ஓர் ஆட்டோவும் இரண்டு உடுப்புப் பேக்குமாக வந்து பெரிய வீட்டில் இருந்தான். மாப்பிள்ளைமார் அப்படித்தான் வருவார்கள். என் வீட்டுக்காரர் நல்லரத்தினமும் அப்படி வந்தவர்தான். வந்த அன்று செருப்பை எங்கே கழற்றுவது என்று கேட்டார்; இன்றைக்கும் அதே இடத்தில்தான் கழற்றுகிறார்.

கம்சாயினிக்கு இறால் வேலை. விடிந்ததும் துறைக்குப் போய், வாவியில் வலை இழுத்துவரும் தோணிகளிடம் இறால் எடுத்துக்கொண்டு வருவாள். ஒன்பது மணிக்கெல்லாம் அவளுடைய விறாந்தையில் நாங்கள் ஆறேழு பெண்கள் வாளிகளைச் சுற்றி இருந்துவிடுவோம். தலையைக் கிள்ளி, கோதை உரித்து, முதுகு நரம்பை இழுத்தெடுத்து ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். கை நாளெல்லாம் ஊறிக் கிடக்கும். இறால் முள் குத்தின இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். தேசிக்காய் தேய்த்தாலும் நாற்றம் விடாது. ஆனால் வாய்க்கு வேலை இல்லாத வேலை என்பதால், பேச்சுக்குக் குறைவில்லை. பேச்சென்றால் முன்பெல்லாம் ஊர்ப் பேச்சு. இப்போது நாடகப் பேச்சு.

இந்தியாவிலிருந்து வருகிற அந்த நாடகம் இரவு ஏழு மணிக்குப் போகும். அடுத்த நாள் பகல் இரண்டு மணிக்கு அதையே திரும்பப் போடுவார்கள். இரவு பார்த்ததை, காலையில் பேசினதை, பகலில் இன்னொரு தரம் பார்ப்போம். இவ்வளவு சிரத்தையாக எந்தக் கோயில் வழிபாட்டிலும் நாங்கள் இருந்ததில்லை.

ஆவணி மாதம், கச்சான் காற்று கண்ணைத் தீய்க்கிற ஒரு வியாழக்கிழமை. காத்தான்குடியிலிருந்து சீலைத்துணி கொண்டு வருகிற நிஸ்மியா வியாழன்தோறும் எங்கள் ஒழுங்கைக்கு வருவாள். அன்றும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கம்சாயினியின் விறாந்தைத் தூணில் சாய்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"நேத்து மறுகாவும் அடிச்சிட்டான்கா," என்றாள் சின்னத்தங்கம், இறால் தலையைக் கிள்ளி எறிந்தபடி.

"ஆருகா?" என்று நிஸ்மியா நிமிர்ந்தாள்.

"நாடகத்துல. அந்தக் கோட்டுக்காரன். கறிக்கு உப்புக் கூடிப்போச்செண்டு."

"அதுக்கு அவ என்ன செஞ்ச?"

"என்னத்தச் செய்யிற, காலுல விழுந்தா. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவ, பொணமாத்தான் வெளிய போவன் எண்டா. எனக்கெண்டாக் கண்ணெல்லாம் தண்ணி."

"விழக்குள்ளயும் பட்டுச்சீலதானா?" என்று நான் கேட்டேன்.

"அவ படுக்கிறதும் பட்டுச்சீலயோடதானே மச்சாள். நகையும் கழட்டுறல்ல."

"ஏன்கா அவ அடிவாங்கிக்கிட்டுக் கிடக்கா? விட்டுப்போட்டுப் போறதுதானே," என்றாள் நிஸ்மியா.

"போக ஏலா. அது அவட புகுந்த வீடு."

"அதென்னகா புகுந்த வீடு?"

"அங்க பொம்புளதான் மாப்பிள்ளட வீட்ட போய் இரிக்கோணும். எங்கட பக்கம் மாதிரி இல்ல."

நிஸ்மியா விசிறியை நிறுத்தினாள். "அப்ப எங்கட பக்கம் புகுந்தவன் மாப்பிள்ளதானே. காலுல விழுறதெண்டா அவன்தான்கா விழோணும்."

விறாந்தை முழுக்கச் சிரித்தோம். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இறால் வாளிக்கு வெளியே போனது. கம்சாயினி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்தபடி நரம்பு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கண்டேன். வெட்கப்படுகிறாளாக்கும் என்று எண்ணிவிட்டேன். என் கண்ணுக்கு அவ்வளவுதான் கூர்மை.

"என்ன சொன்னாலும் பொம்புள பொறுத்துத்தான் போகோணும்," என்றாள் சின்னத்தங்கம். "எண்ணூறு நாளாப் பொறுத்துக் கிடக்கா. கடசியில அவன் திருந்துவான், பாத்துக்கிட்டிரி."

இதைச் சொன்னவள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அழகரத்தினம் என்று அவளுக்கு ஒரு புருஷன் இருந்தார். இப்போது உயிரோடு இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் குடித்துவிட்டு வந்து இவளுடைய கன்னத்தில் ஓர் அறை விட்டார். இவள் அழவில்லை. அவருடைய சாரன், சட்டை, வலை, வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒழுங்கையில் வைத்தாள். செருப்பைக் கடைசியாக வைத்து, சோடியை நேராக்கிவிட்டு, கடப்பைக் கயிற்றால் கட்டினாள். மூன்று நாள் மனுஷன் துறையில் கவிழ்த்த தோணிக்குக் கீழே படுத்தார். நாலாம் நாள் கை நீளத்துக்கு ஒரு கொடுவா மீனோடு வந்து நின்றார். அதற்குப் பிறகு அவர் சாகும் வரைக்கும் அந்தக் கை அவள்மேல் ஓங்கினதில்லை. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாம் பார்த்தவள்.

அந்தச் சின்னத்தங்கத்தைத்தான் இந்த நாடகம் இப்படியாக்கி வைத்திருக்கிறது. எனக்கு வயிறு எரிவது இதற்குத்தான். அந்தக் கோட்டுக்காரன் ஏன் அடிக்கிறான் என்று விளக்க அவர்களுக்கு ஒரு மாதம் வேண்டும். சின்ன வயதில் தாய் பாசம் காட்டவில்லையாம், வியாபாரத்தில் எவனோ ஏமாற்றினானாம், உள்ளுக்குள் தங்கமான மனமாம். அடிபட்டவளுக்கு நொந்ததா என்று கேட்க அரை நிமிடம் இல்லை. சவர்க்கார விளம்பரம் வந்துவிடும். திரும்பி வந்தால் அவள் அவனுக்காகத் தலையில் தீச்சட்டி வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றுவாள். நாங்கள் மூக்கைச் சிந்துவோம். நானும்தான். யார் யாரையெல்லாமோ குறை சொல்லுகிற நான், அந்தக் கோட்டுக்காரனுக்குக் காய்ச்சல் வந்தபோது களுதாவளைப் பிள்ளையாரை நினைத்தேன் என்றால் நம்புவீர்களா.

அதில் இன்னொரு புதுமை. நாடகத்தில் ஓர் அறை விழுந்தால் மூன்று தரம் விழும். ஒரு தரம் அவளுடைய முகத்தில், ஒரு தரம் மாமியாரின் முகத்தைக் காட்டும்போது, ஒரு தரம் வேலைக்காரியின் முகத்தைக் காட்டும்போது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடி. உண்மை அறைக்கு ஒரே சத்தம்தான். சட்டியை மூடுகிற மாதிரிச் சின்னச் சத்தம். மூன்று தரம் கேட்டுக் கேட்டுப் பழகின காதுக்கு அந்த ஒன்று கணக்கில் வராது.

ஒன்றரை மணிக்கு வேலை முடிந்து எல்லோரும் போனோம். நிஸ்மியாவை நான்தான் மறித்தேன்.

"இந்த வெயிலுக்க எங்க போறாய்? சோத்தத் திண்டுபோட்டு, வெயில் தாழப் போ."

"ஏன்கா உனக்குக் கரச்சல்?"

"இறால் பொரியல் இரிக்கி. பறையாம இரி."

இரண்டு மணிக்கு யதுர்ஷனின் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் பகல் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் அது. நாடகமும் தொடங்கியது. என் வீட்டு டீவியில் கோட்டுக்காரன் மாடிப்படியில் இறங்கினான். பக்கத்து வீட்டு டீவியிலும் இறங்கினான். பின்வளவில் சின்னத்தங்கத்தின் டீவியில் இன்னும் பெரிய சப்பாத்துச் சத்தத்தோடு இறங்கினான். அவளுக்குக் காது மந்தமாகிறது என்று நான் சில மாதமாக எண்ணிக்கொண்டிருந்தேன். நல்லரத்தினம் கதிரையில் வாயைத் திறந்தபடி நித்திரை. கோட்டுக்காரன் கையை ஓங்கினான்.

ஓங்கின கை இறங்குவதற்குள் திரை கறுத்துப்போனது. மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றி நின்றது. எங்கேயோ கச்சான் காற்றுக்கு மரக்கொப்பு முறிந்து வயரில் விழுந்துவிட்டதாம், பிறகுதான் தெரிந்தது.

ஒழுங்கை ஒரே அமைதி. கூரைத் தகரத்தைக் காற்று உரசுவது மட்டும் கேட்டது.

பிறகு ஓர் அறை. ஒரே ஒரு தரம். சோற்றுக் கோப்பை ஒன்று உருண்டு சுவரில் முட்டியது.

"அடியாதீங்க. புள்ள பாக்குது." கம்சாயினியின் குரல்.

நிஸ்மியா வாய்க்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே கோப்பையில் விட்டாள்.

"கரண்ட் இல்லயேகா," என்றாள்.

ஏழு மாதத்துக் கணக்கு ஒரேயடியாகத் தலைக்குள் ஓடியது. தைப்பொங்கல் முடிந்த கையோடு கம்சாயினியின் முழங்கையில் கண்ட நீலம். குழாய்க்கிணற்றுக் கைப்பிடி பட்டதென்றாள். சித்திரையில் ஒரு கண் வீங்கியிருந்தது, குளவி கொட்டினதென்றாள். "நேத்து என்ன மனே, உங்கட டீவியில அவ்வளவு சத்தம்?" என்று நானே வேலிக்கு மேலால் கேட்டிருக்கிறேன். "அவருக்குச் சத்தமாப் போடோணும் மாமி," என்று சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள்.

வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் நுழைந்து ஓடினேன். பின்னால் கை கழுவாமல் நிஸ்மியா. பின்வளவு வாசலில் சின்னத்தங்கம் நின்றாள். கையில் ரிமோட். இருண்ட டீவியின் பக்கம் அதை நீட்டி, அழுத்திக்கொண்டே நின்றாள். சத்தத்தைக் கூட்டுகிற பொத்தானை.

"என்னகா செய்யிறாய்?" என்றேன்.

"ஊர் கேக்கப்போகுது மச்சாள்," என்றாள். "கரண்ட் எப்ப வரும்?"

அவளை என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தள்ளிவிட்டு முன்பக்கம் போனேன்.

விறாந்தையில் சோறு சிதறிக் கிடந்தது. சுவரில் இறால் குழம்பு வழிந்தது. கம்சாயினியின் உதடு வெடித்திருந்தது. மூன்று வயதுப் பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடி தூணோடு ஒட்டி நின்றாள். யதுர்ஷன் எங்களைக் கண்டான். காலையில் இறால் வாங்குகிறவன் போனில் கூப்பிட்டதற்கு இவள் சிரித்துப் பேசினாளாம். அதுவரை அதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறான். ஆட்களைக் கண்டதும் அவனுடைய குரலே மாறியது. கையைக் கடப்புப் பக்கம் நீட்டினான்.

"வெளியே போடி. என் வீட்டை விட்டு வெளியே போ. இனிமே இந்த வாசப்படியை மிதிச்சே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

சித்தாண்டியில் பிறந்து வளர்ந்த வாய் அது. பிறந்த நாளிலிருந்து 'வெளியே போ' என்பதற்கு 'வெளிக்கிடு' என்று பேசின வாய். இந்தத் தமிழ் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்களுக்கும் அங்கிருந்துதான் எல்லாம் வந்துகொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை, கம்சாயினி போனாள். பிள்ளையின் உடுப்பு நாலை ஒரு பேக்கில் திணித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, படியிறங்கிப் போனாள். போகாதே என்று எங்களில் ஒருத்தியும் சொல்லவில்லை. சத்தம் கேட்டு வந்து வேலியோரம் நின்ற மற்றப் பெண்களும் சொல்லவில்லை. இந்தக் காட்சியை நாங்கள் நூறு தரம் பார்த்திருக்கிறோம். அவள் போவாள், நாங்கள் முந்தானையால் வாயைப் பொத்த வேண்டும். நானும் முந்தானையைத் தேடினேன். உடுத்திருந்தது வீட்டுச் சட்டை, முந்தானை இல்லை. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்தது.

ஒழுங்கை முனைக்கு ஓடினேன். கம்சாயினி பெரிய தெருவில் நின்றாள். இந்தப் பக்கம் மட்டக்களப்பு பஸ் போகும், அந்தப் பக்கம் களுதாவளை பஸ் போகும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். செம்புழுதி பறந்து பிள்ளையின் தலைமுடியெல்லாம் படிந்திருந்தது.

"எங்க மனே போறாய்?" என்றேன்.

"அம்மா வீட்ட," என்றாள்.

சொன்ன வாய் மூடாமல் அப்படியே நின்றாள். பிறகு மெல்லத் திரும்பி ஒழுங்கையைப் பார்த்தாள். அவளுடைய தாய் ரிமோட்டோடு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

"மாமி," என்றாள். "அம்மா வீடு அதுதானே."

"ஓம் மனே."

"அப்ப நான் எங்க போற?"

எனக்குப் பின்னால் ஓடிவந்த நிஸ்மியா கேட்டாள். "உறுதி ஆருட பேருலகா?"

"என்ட பேருல."

"மறுகா அவன் ஆரு, உன்னப் போகச் சொல்ல?"

கம்சாயினி உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். "அவர்தான் புகுந்தவர்," என்றாள். காலையில் நாங்கள் சிரித்த பகிடி. அவள் சிரிக்கவில்லை. எங்களுக்கும் சிரிப்பு வரவில்லை. பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

யதுர்ஷன் விறாந்தைக் கதிரையில் காலுக்குமேல் கால் போட்டு போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கடந்து உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பெரிய இறால் வாளியொன்றை எடுத்து, அதில் அவனுடைய சட்டை, களிசான், சாரன், சவரப்பெட்டி எல்லாவற்றையும் போட்டாள். வாளி கழுவாத வாளி. கொண்டுபோய்க் கடப்புக்கு வெளியே, அவனுடைய ஆட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வெளிக்கிடுங்க," என்றாள்.

அப்போதும் அந்த 'ங்க'வை விடவில்லை. வளர்த்த வளர்ப்பு அப்படி.

அவன் பாய்ந்து எழும்பிக் கையை ஓங்கினான். கரண்ட் இல்லை, பின்னால் இடியும் இல்லை, இசையும் இல்லை. காற்றுச் சத்தம்தான். வேலியோரம் நின்ற பெண்கள் கடப்புக்குள் வந்துவிட்டார்கள். வேலிப் பொட்டில் என் நல்லரத்தினம் சாரனை மடித்துக் கட்டியபடி நின்றார். இந்த மனுஷன் முப்பது வருடத்தில் அடுத்த வீட்டுக் கதை ஒன்றுக்கும் வாய் திறந்ததில்லை.

"தம்பி," என்றார். "கைய இறக்கு."

கை இறங்கியது.

"நான் எங்க போற?" என்றான் யதுர்ஷன். இப்போது சித்தாண்டித் தமிழ் வந்துவிட்டது.

"உங்கட அம்மா வீட்ட."

"அது தங்கச்சிட வீடு. அங்க மச்சான் இரிக்கான்."

"அம்மா வீடு ஆருடயெண்டு எனக்கும் இப்பதான் விளங்கின," என்றாள் கம்சாயினி.

சின்னத்தங்கம் அதுவரை மூலையில் நின்றாள். ரிமோட்டை விறாந்தைத் திண்டில் வைத்தாள். படியில் கிடந்த மருமகனின் செருப்பை எடுத்துக்கொண்டுபோய், வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். குனிந்து, சோடியை நேராக்கினாள். பிறகு மகளுடைய முகத்தைப் பார்க்காமல் கடப்புக் கயிற்றைத் தேடினாள். கம்சாயினி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நானும் சொல்லப்போவதில்லை.

ஆட்டோ போன புழுதி அடங்குவதற்குள் கரண்ட் வந்தது. ஒன்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் டீவி அலறியது. எந்த வீட்டுக்காரியும் பார்க்கப் போகவில்லை.

அன்று பின்னேரமே ஆஸ்பத்திரிக்குப் போய், காயத்துக்கு டாக்டர் எழுதின துண்டை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனோம். பெண்கள் பிரிவில் இருந்த பொலிஸ்காரப் பிள்ளை என்னிடம் கேட்டாள்.

"நீங்க அடி விழுறதக் கேட்டனீங்களா அம்மா?"

"கேட்டன்."

"எத்தின நாளா?"

"ஏழு மாசமா."

"மறுகா ஏன் வந்து சொல்லல்ல?"

நாடகமென்று நினைத்தேன் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அதை எழுதவில்லை. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முப்பது வருட விடுப்பில் எனக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பார்வைதான்.

அடுத்த ஞாயிறு யதுர்ஷனின் தாய்மாமன் வல்லிபுரம் வேட்டி கட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தார். நான் இல்லாமல் அந்தப் பேச்சு நடக்குமா. கம்சாயினி தேத்தண்ணி கொடுத்தாள்.

"புருசன் பொண்சாதிக்குள்ள இது இரிக்கிறதுதான் புள்ள. நீதான் பொறுத்துப் போகோணும். அவன் திருந்துவான்."

"மாமா," என்றாள் அவள். "நீங்க மாமிய அடிச்சா மாமி என்ன செய்வா?"

வல்லிபுரம் தேத்தண்ணியைப் பார்த்தார். அவர் இருப்பதும் பெண்சாதி வீட்டில்தான். மாமியையும் எனக்குத் தெரியும். "வழக்க அவன் பேசிக்கொள்ளட்டும்," என்றார், கோப்பையைத் திண்டில் வைத்துவிட்டு. பஸ் போய்விடும் என்று எழும்பினார். வழக்கு இன்னும் நடக்கிறது. முடிவைச் சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லையே.

விறாந்தையில் இறால் வேலை பழையபடி நடக்கிறது. கோட்டுக்காரன் திருந்திவிட்டானாம், யாரோ சொன்னார்கள். நான் இப்போது இரண்டு மணிக்கு டீவி போடுவதில்லை. கதிரையைக் கடப்படிக்கு இழுத்துப் போட்டு இருக்கிறேன்.

"நாடகம் பாக்கல்லியா?" என்று நல்லரத்தினம் நேற்றுக் கேட்டார்.

"பறையாம இரிங்க. கேட்டுக்கிட்டிரிக்கன்."

பக்கத்து வளவில் தேங்காய் துருவுகிற சத்தம். பிள்ளை எதற்கோ சிரிக்கிறது. அடுத்த வீட்டில் ஆட்டுக்கல். அதற்கடுத்த வீட்டில் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கம் நாலாம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு டீவியைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அங்கே கல்யாணம் முடிந்து ஆறு மாதம்.

எழும்பிச் செருப்பைப் போட்டுக்கொண்டேன். குசினியில் ஒரு கோப்பையை எடுத்தேன். வீட்டுப் பேணியில் சீனி விளிம்பு வரை இருந்தது. அந்த நாலாம் வீட்டில் சீனி கொஞ்சம் கேட்டு வரலாம் என்று நடந்தேன்.